வெயில் ஏறும்போது வண்ணத்துப்பூச்சி, வெயில் சாய்ந்தால் முக்கொம்பு

ஸ்ரீரங்கம் மேலூர் வண்ணத்துப்பூச்சிப் பூங்காவுக்குப் போய் வந்தவர்கள் அடிக்கடி சொல்லும் புகார், ‘எங்கே, பூச்சியே இல்லையே!’ முக்கொம்பு போய் வந்தவர்கள் சொல்வது, ‘வெறும் மணல்தான் கிடக்கு, தண்ணியே இல்லை.’ இரண்டும் பொய்யில்லை. பகல் பன்னிரண்டரைக்கு வண்ணத்துப்பூச்சி தேடினாலும், பங்குனி வெயிலில் காவிரியைத் தேடினாலும் அப்படித்தான் இருக்கும். இடத்தில் குறை இல்லை, போன நேரம்தான் தப்பு.

கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறை, தஞ்சாவூர் பக்கத்திலிருந்து குடும்பமாகவோ பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டோ கிளம்பினால், இந்த இரண்டு இடத்தையும் ஒரே நாளில் பார்த்துவிட்டு ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீடு வந்துவிடலாம். ஆனால் காலையில் வண்ணத்துப்பூச்சி, பிற்பகலில் முக்கொம்பு என்ற வரிசையை மாற்றக் கூடாது. மாற்றினால் இரண்டும் கெடும்.

முதலில் இட அமைப்பைப் புரிந்துகொள்வது நல்லது. மேற்கே இருந்து ஒரே ஆறாக வரும் காவிரி முக்கொம்பில் இரண்டாகப் பிரிகிறது. வடக்குக் கிளை கொள்ளிடம், தெற்குக் கிளை காவிரி. நடுவில் கிடக்கும் நீளத் தீவுதான் ஸ்ரீரங்கமும் திருவானைக்காவலும். கீழே கல்லணையருகே இரண்டு ஆறும் மறுபடி நெருங்குகின்றன. வண்ணத்துப்பூச்சிப் பூங்கா தீவின் மேற்குப் பகுதியில், மேலூர்ப் பக்கம் இருக்கிறது. முக்கொம்பு அதே தீவின் மேற்கு முனை. வரைபடத்தில் விரல் வைத்தால் பக்கத்து வீடு மாதிரித் தெரியும். அதை நம்பி வேன்காரரிடம் ‘இப்படியே நேரா போயிடலாம்ல?’ என்று கேட்பவர்கள் உண்டு. தீவுக்குள் ஓடும் கரைவழிப் பாதைகளில் பெரிய வண்டியை விட்டு நடுவில் திருப்ப இடமில்லாமல் தவிப்பதைவிட, ஸ்ரீரங்கம் திரும்பி, அம்மா மண்டபம் தாண்டி, காவிரிப் பாலம் ஏறி, சத்திரம் பேருந்து நிலையம் வழியாகக் கரூர் சாலையைப் பிடிப்பதுதான் நிம்மதி. அதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்கவும். ஞாயிற்றுக்கிழமை என்றால் இன்னும் கால் மணி சேர்த்துக்கொள்ளவும்.

எந்த மாதம், எந்தக் கிழமை

பூங்காவுக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. திங்கள் லீவு என்று மியூசியக் கணக்கில் யோசித்து, செவ்வாயன்று பிள்ளைகளோடு வந்து பூட்டிய கேட்டைப் பார்க்கிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள்.

மாதத்தைத் தேர்ந்தெடுப்பது கொஞ்சம் நுணுக்கமான வேலை. வழக்கப்படி மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடப்படும். மேட்டூரில் நீர்மட்டம் போதவில்லை என்றால் திறப்பு தள்ளிப்போகும். காய்ந்து கிடக்கும் ஆற்றில் அந்தத் தண்ணீர் முக்கொம்பைத் தாண்டிக் கல்லணை வர மூன்று நான்கு நாள் ஆகும், ஏனென்றால் மணல் முதலில் தன் தாகத்தைத் தீர்த்துக்கொள்ளும். ஏற்கெனவே நீரோடும் ஆறு என்றால் இன்னும் சீக்கிரம் வந்துவிடும். ஆக, முக்கொம்பில் தண்ணீர் பார்க்க ஆனிக் கடைசியிலிருந்து தை பாதி வரை காலம். வண்ணத்துப்பூச்சிக்கோ, ஐப்பசி கார்த்திகை மழையில் செடிகள் துளிர்த்து, அதில் முட்டை வைத்துப் புழுக்கள் தின்று வளர்ந்து சிறகு முளைத்து வெளியே வரும் காலம்தான் உச்சம். முட்டையிலிருந்து பறக்கும் பூச்சி வரை ஏறக்குறைய ஒரு மாதம் என்பதால், மழை நன்றாகப் பெய்த மூன்று நான்கு வாரம் கழித்துப் போவது கணக்கு.

இரண்டு காலமும் ஒன்றின்மேல் ஒன்று படிகிற இடம் கார்த்திகைக் கடைசி முதல் தை பாதி வரை. மார்கழி உத்தமம். இந்த ஆறேழு வாரத்தை விட்டுவிட்டு, பிள்ளைகளுக்குப் பரீட்சை முடிந்த சித்திரை வைகாசியில்தான் எல்லாரும் கிளம்புகிறார்கள். திருச்சியில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும் நாட்கள் அவை. ஆற்றில் மணல், செடியில் தூசி, பிள்ளைகள் முகத்தில் வாட்டம். வேறு வழியில்லை, கோடை விடுமுறையில்தான் முடியும் என்றால் பூங்காவை மட்டும் காலையில் பார்த்துவிட்டு மதியத்துக்குள் ஊர் திரும்புங்கள்.

ஆடிப்பெருக்கும் காணும் பொங்கலும் தனி ரகம். கட்டுச்சோற்றுக் கூடை, மஞ்சள் கயிறு, காதோலை கருகமணி என்று பார்க்க அழகான நாட்கள்தான். ஆனால் கரூர் சாலை குறுகல். அந்த நாட்களில் வண்டிகள் ஊர்ந்துதான் நகரும். கைக்குழந்தையும் முழங்கால் வலிக்காரரும் கூட வந்தால் அந்த இரண்டு நாளும் வேண்டாம்.

திருச்சி போய்ச் சேர்வது

மெயின் லைன் ரயிலில் வருகிறவர்களுக்கு ஒரு தடுமாற்றம் வரும். ஸ்ரீரங்கத்துக்கு ரயில் நிலையம் இருக்கிறதே, அங்கேயே இறங்கலாமே என்று. அது விழுப்புரம், விருத்தாசலம், அரியலூர் வழியாக வரும் கார்டு லைனில் இருக்கிறது. மயிலாடுதுறை, கும்பகோணம், தஞ்சாவூர் வழியாக வரும் வண்டி பொன்மலை தாண்டி நேராகத் திருச்சி ஜங்ஷனுக்குப் போய்விடும். ஆகவே ஜங்ஷனில் இறங்கி, வெளியே வந்து, 1-ஆம் நம்பர் பஸ் பிடிக்க வேண்டியதுதான். மத்திய பேருந்து நிலையத்துக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் நடுவே, சத்திரம், காவிரிப் பாலம், திருவானைக்காவல் வழியாக ஓடும் பஸ் அது. திருச்சிக்காரர்களுக்கு அது பஸ் நம்பரே இல்லை, ஒரு பெயர்.

பஸ்ஸில் தஞ்சாவூர்ப் பக்கமிருந்து வருகிறவர்கள் கண்டக்டரிடம் ஏறும்போதே கேட்க வேண்டிய கேள்வி, ‘பஞ்சப்பூர் போகுமா, எங்கே நிற்கும்?’ 2025-இல் பஞ்சப்பூர் புதிய பேருந்து நிலையம் திறந்த பிறகு வெளியூர் வண்டிகளின் கணக்கு மாறிவிட்டது. பஞ்சப்பூர் ஊரின் தெற்கு எல்லை, நமக்குப் போக வேண்டியதோ வடக்குப் பக்கம். கடைசிவரை உட்கார்ந்து போனால் நகரத்தை முழுக்க மறுபடி கடக்க வேண்டும். பால்பண்ணை ஸ்டாப்பில் இறங்கிவிட்டால், காந்தி மார்க்கெட் வழியாகச் சத்திரம் போகும் டவுன் பஸ் கிடைக்கும். துவாக்குடியிலிருந்து சத்திரத்துக்கு ஓடும் வண்டிகளும் இந்த வழியில்தான் வருகின்றன. சத்திரம் வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது, ஸ்ரீரங்கம் பஸ்ஸும் முக்கொம்பு பஸ்ஸும் அங்கிருந்துதான்.

சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் சீட்டு உண்டு. கண்டக்டர் கொடுக்கும் அந்தக் கட்டணமில்லாச் சீட்டை வாங்கிக் கையில் வைத்திருக்க வேண்டும். எக்ஸ்பிரஸ், டீலக்ஸ் என்று எழுதிய வண்டியில் ஏறிவிட்டு வாதாடிப் பயனில்லை.

சொந்த வண்டியில் வந்தால் நகரத்துக்குள் நுழையாமலே போகலாம். தஞ்சாவூர்ச் சாலையில் பால்பண்ணை வந்ததும் வலப்புறம் சென்னை பைபாஸ் ஏறி, காவிரிப் பாலம் தாண்டி, திருவானைக்காவல் பக்கம் இறங்கி, ஸ்ரீரங்கம், அம்மா மண்டபம் சாலை, மேலூர் சாலை. தீவுக்குள் நுழைந்த பிறகு இருபுறமும் வாழைத் தோப்பு, சாலை ஒடுக்கம், எதிரே வாழைத்தார் ஏற்றிய லாரி வரும். அவசரப்படாத டிரைவர் வேண்டும்.

பஸ்ஸில் வந்தவர்கள் ஸ்ரீரங்கத்திலிருந்து பூங்காவுக்குப் போவதில்தான் ஏமாறுகிறார்கள். ஏழெட்டு கிலோமீட்டர் தூரம். மேலூர்ப் பக்கம் போகும் பஸ்கள் குறைவு, நம் நேரத்துக்கு வராது. ஆட்டோ பிடிப்பது சரி, ஆனால் போக மட்டும் பேசக் கூடாது. பூங்கா வாசலில் திரும்புகிற ஆட்டோ நிற்காது. வெயிலில் நின்று, வேறு யாரோ வந்த வண்டியைக் கெஞ்ச வேண்டி வரும். ‘போய், இரண்டரை மணி நேரம் நின்று, திரும்பிச் சத்திரத்தில் விட’ என்று மூன்றையும் சேர்த்து ஒரே தொகையாகப் பேசி, பாதியை மட்டும் முன்னால் கொடுங்கள். பெரியவர்கள் மூன்று பேருக்கு ஓர் ஆட்டோ என்பதே கணக்கு. எட்டுப் பேருக்கு மேல் போனால் கும்பகோணத்திலிருந்தே வேன் எடுப்பது மலிவாக முடியும். அலைச்சலும் மிச்சம்.

இதற்கு நடுவில் எல்லாக் கூட்டத்திலும் ஒருவர், ‘இவ்வளவு தூரம் வந்துட்டு ரங்கநாதரைப் பார்க்காமலா?’ என்பார். ஏழு பிரகாரமும் இருபத்தொரு கோபுரமும் 156 ஏக்கரும் உள்ள கோயில் அது. அரை நாள் போதாது. பெருமாளை அவசரமாகப் பார்த்து, பூச்சியையும் ஆற்றையும் கோட்டை விடுவதைவிட, ராஜகோபுரத்தை வண்டியிலிருந்தே கும்பிட்டுவிட்டு, கோயிலுக்கென்று இன்னொரு நாள் வருவதே மரியாதை.

பூங்காவில் எதைப் பார்ப்பது

வனத்துறையின் இந்தப் பூங்கா 2015-இல் திறக்கப்பட்டது. பரப்பு இருபத்தைந்து ஏக்கர் அளவு. உள்ளே நுழைந்ததும் பெரிய பெரிய பூச்சிச் சிலைகள், நீரூற்று, குளம், நட்சத்திர வனம், ராசி வனம். கூட்டம் முழுக்க இங்கேயே நின்று படம் எடுத்துக் களைத்துவிடும். ‘உங்க நட்சத்திரத்துக்கு எந்த மரம்?’ என்று தேடுவதிலேயே முக்கால் மணி போய்விடும். அதையெல்லாம் திரும்பி வரும்போது பாருங்கள். ஒன்பதரைக்கு உள்ளே நுழைந்தால் முதலில் பூச்செடிகள் இருக்கும் பக்கம் நடங்கள்.

காரணம் எளிது. வண்ணத்துப்பூச்சிக்குச் சொந்த உடல்சூடு கிடையாது. வெயிலில் சிறகை விரித்துக் காய்ந்து, உடம்பு சூடேறினால்தான் பறக்க முடியும். மார்கழிக் குளிரில் ஒன்பதரை, பத்து வரை இலைமேல் சிறகு விரித்து உட்கார்ந்திருக்கும். பிள்ளைகள் நிதானமாகப் பக்கத்தில் நின்று பார்க்க இதைவிட நல்ல நேரம் இல்லை. பத்திலிருந்து பதினொன்றரை வரை சுறுசுறுப்பாகத் தேன் குடிக்கும். அதற்கு மேல் வெயில் உறைத்தால் இலைக்கடியில் தலைகீழாகத் தொங்கி ஒதுங்கிவிடும். மூடாக்கு வானமும் தூறலும் இருந்தாலும் இதே கதிதான். கிளம்பும் அன்று விடியற்காலையில் வானம் கறுத்திருந்தால் பயணத்தை ஒத்திப்போடலாம், தப்பில்லை.

பூவைப் பார்ப்பதைவிட இலையைப் பார்க்கத் தெரிந்தவர்களுக்குத்தான் இந்த இடம் பலன் தரும். ஒவ்வொரு இனமும் தனக்கென்று ஒதுக்கிய செடியில்தான் முட்டை வைக்கும். கறிவேப்பிலையில் கறிவேப்பிலை அழகி. எலுமிச்சை, நாரத்தை, வில்வத்தில் எலுமிச்சை அழகி. எருக்கில் வெந்தய வரியன். கொன்றையில் கொன்னை வெள்ளையன். ஆடுதின்னாப்பாளையிலும் ஈஸ்வரமூலியிலும் சிவப்புடல் அழகி. அரளியில் வெண்புள்ளிக் கருப்பன். நம் வீட்டுக் கொல்லையில் இருக்கிற செடிகள்தானே பாதி! ஆமாம். கறிவேப்பிலை பறிக்கும்போது அருவருத்துத் தட்டிவிடும் புழு யாருடையது என்று இங்கே வந்து தெரிந்துகொண்ட பெண்கள், ஊர் திரும்பி அந்த ஒரு கொத்தை விட்டுவிட்டுப் பறிக்கிறார்கள்.

எலுமிச்சை இலையின் மேல் பறவை எச்சம் மாதிரி கறுப்பும் வெள்ளையுமாக ஏதாவது தெரிந்தால் குனிந்து பாருங்கள். எலுமிச்சை அழகியின் இளம்புழு அப்படித்தான் வேஷம் போடும். வளர்ந்ததும் பச்சையாகிவிடும். சீண்டினால் தலைக்குப் பின்னாலிருந்து சிவந்த கொம்பு போல ஒன்றை நீட்டி நாற்றம் விடும். சீண்ட வேண்டாம், நீட்டியபடி கிடந்தால் பார்த்துக்கொள்ளலாம். எருக்கு இலையில் கறுப்பு, வெள்ளை, மஞ்சள் பட்டையோடு மூன்று ஜோடி கறுப்பு இழைகள் ஆட்டிக்கொண்டு மேய்வது வெந்தய வரியன் புழு. அரளியில் இலைக்கடியைத் தூக்கிப் பார்த்தால், அதிர்ஷ்டம் இருந்தால், வெள்ளிக் குண்டலம் தொங்குவது போல வெண்புள்ளிக் கருப்பனின் கூட்டுப்புழு கிடைக்கும். பாதரசம் பூசியதோ என்று சந்தேகம் வரும் அளவு பளபளப்பு. பிள்ளைகளின் வாய் மூடாது.

பெரிய பிள்ளைகளுக்கு ஒரு புதிர் வைக்கலாம். சிவப்புடல் அழகி புழுவாக இருக்கும்போது தின்ற செடியின் நஞ்சு அதன் உடம்பில் தங்கிவிடுவதால், ஒருமுறை தின்ற பறவை மறுமுறை தொடாது. இதைத் தெரிந்துவைத்துக்கொண்டதுபோல, நஞ்சே இல்லாத கறிவேப்பிலை அழகியின் பெண் பூச்சிகளில் சில, கறுப்புச் சிறகில் சிவப்புப் புள்ளி வைத்து அதே உடுப்பைப் போட்டுக்கொண்டு திரியும். எது அசல், எது வேஷம்? சிறகைப் பார்த்தால் ஏமாந்துவிடுவீர்கள். உடம்பைப் பாருங்கள். உடம்பும் சிவப்பென்றால் அசல். உடம்பு கறுப்பென்றால் வேஷக்காரி.

காய்ந்த கிலுகிலுப்பைச் செடியிலோ தேள்கொடுக்கிலோ நீல வரியன்களும் கருப்பன்களும் கொத்தாக மொய்த்தால், அது தேனுக்காக அல்ல. ஆண் பூச்சிகள் அந்தச் செடியின் சாற்றிலிருந்து, பெண்ணை ஈர்க்கும் வாசனைக்கு வேண்டிய சரக்கை எடுக்கின்றன. குழாயடிச் சேற்றில் கூட்டமாக உட்கார்வதும் பெரும்பாலும் ஆண்கள்தான், உப்புக்காக. இப்படி மெய்மறந்து உட்கார்ந்திருக்கும் நேரம்தான் படம் எடுக்க வசதி.

படம் எடுப்பவர்கள் செய்யும் தப்பு, போனை நீட்டிக்கொண்டு நேராக மேலிருந்து குனிவது. நிழல் மேலே விழுந்ததும் பறந்துவிடும். சூரியன் உங்கள் முகத்துக்கோ தோளுக்கோ வரும்படி சுற்றி வந்து, பூச்சியின் உயரத்துக்கு உட்கார்ந்து, ஒன்றரை அடி தள்ளி நின்று இரண்டு மடங்கு ஜூம் வைத்து எடுங்கள். மூடிய சிறகு என்றால் போன் சிறகுக்கு இணையாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பாதி தெளிவாகவும் பாதி மங்கலாகவும் வரும்.

சிறகைப் பிடிக்கக் கூடாது. கையில் ஒட்டும் பொடி விஷமில்லை, கண் போகும் என்பதெல்லாம் கதை. அவை சிறகை மூடியிருக்கும் நுண்செதில்கள். உதிர்ந்தால் மறுபடி முளைக்காது. ஆற்றோரம் என்பதால் கொசு உண்டு. முழுக்கைச் சட்டை போடுவது நல்லது. கொசு மருந்து தடவிய கையால் புழுவையோ கூட்டையோ தொட்டால் அது செத்துப்போகலாம்.

பதினொன்றரைக்கு நட்சத்திர மரம் தேடுவதைத் தொடங்கி, பன்னிரண்டுக்கு வெளியே வந்துவிடுங்கள்.

சாப்பாடு

கடையை நம்ப வேண்டாம். பத்துப் பேருக்கு முக்கால் கிலோ அரிசியில் புளியோதரை, அரைக் கிலோவில் தயிர்சாதம், தொட்டுக்கொள்ள வற்றலும் மாவடுவும் போதும். தயிர்சாதம் பகலில் புளித்துப்போகிறது என்பது எல்லார் புலம்பலும். தயிரை ஊற்றிப் பிசைந்தால் புளிக்கத்தான் செய்யும். சோற்றைக் குழைய வடித்து ஆறவைத்து, அரைக் கிலோ அரிசிக்கு முக்கால் லிட்டருக்குக் குறையாமல் காய்ச்சி ஆறிய பால் விட்டுப் பிசைந்து, தயிர் இரண்டு கரண்டி மட்டும் கலந்தால், வண்டியிலேயே தோய்ந்து ஒரு மணிக்குச் சரியான பதத்தில் இருக்கும். புளியோதரைக்கு நல்லெண்ணெய் தாராளமாக விடுங்கள். சோறு முழுக்க ஆறிய பிறகே புளிக்காய்ச்சல் கலக்க வேண்டும். சூட்டோடு கலந்து டிபனில் மூடினால் வேர்த்துச் சொதசொதக்கும்.

வாழை இலையை நறுக்கிச் சுருட்டி எடுத்துப் போங்கள். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் 2019-லிருந்து தடை, வனத்துறை இடத்தில் பையைப் பார்ப்பார்கள். தண்ணீர் ஆளுக்கு ஒன்றரை லிட்டர். மார்கழிதானே என்று அரை லிட்டரோடு வருகிறவர்கள் மூன்று மணிக்குள் சோடாக் கடை தேடுகிறார்கள்.

முக்கொம்பு

சத்திரத்திலிருந்து குடமுருட்டி, கம்பரசம்பேட்டை, முத்தரசநல்லூர், அல்லூர், ஜீயபுரம் என்று கரூர் சாலையில் போக வேண்டும். திருச்சியிலிருந்து பதினெட்டு கிலோமீட்டர் கணக்கு. முக்கொம்பு என்று போர்டு போட்ட டவுன் பஸ் கிடைத்தால் அதுவே நல்லது. குளித்தலை, கரூர் பஸ்ஸில் ஏறினால் முக்கொம்பு பிரிவில் நிற்குமா என்று கேட்டு ஏறவும். ஈரோடு மார்க்கத்தில் பக்கத்து ரயில் நிலையம் எலமனூர், ஆனால் நின்று போகும் வண்டிகள் சொற்பம்.

போகும்போது டிரைவர் பக்கத்து வரிசையில், வலப்புற ஜன்னல் ஓரம் உட்காருங்கள். காவிரி அந்தப் பக்கம்தான். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் அந்த ஜன்னலில் வெயிலும் அடிக்காது.

ஒரு மணிவாக்கில் போய்ச் சேர்ந்தால் முதலில் மரநிழல் பார்த்து ஜமுக்காளம் விரித்துச் சாப்பாடு. குரங்கு தென்பட்டால் பொட்டலத்தைக் கூடைக்குள் மூடி வைத்து, ஒருவர் காவல். மூன்றரை வரை பெரியவர்கள் கண் அசரட்டும், பிள்ளைகள் ஊஞ்சல் பக்கம் போகட்டும். வெயில் சாயத் தொடங்கியதும் கதவணைப் பக்கம் நடக்கலாம்.

இங்கே நின்று பார்த்தால்தான் டெல்டாவின் தலையெழுத்து புரியும். கொள்ளிடத்தின் படுகை தாழ்வு, ஓட்டம் நேர், சரிவு அதிகம். விட்டால் தண்ணீர் அந்தப் பக்கமே ஓடிவிடும். காவிரிக் கிளையில் மணல் மேடிட்டு, தஞ்சாவூர் வயல்கள் காய்ந்தன. அதற்குத்தான் ஆர்தர் காட்டன் 1836-லிருந்து 1838 வரை இங்கே கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையைக் கட்டினார். கரிகாலன் பேரில் நாம் சொல்லும் கல்லணை தீவின் வால்பக்கம் தண்ணீரைக் காக்கிறது, இது தலைப்பக்கம் காக்கிறது. பாசனத் தண்ணீர் காவிரிக்கு, மிச்சம் வந்தால் கொள்ளிடத்துக்கு என்பது ஏற்பாடு. அதனால்தான் காவிரிப் பக்கம் நீர் நிறைந்து ஓடும்போதும் கொள்ளிடம் பெரும்பாலும் மணலாகக் கிடக்கிறது. அதைப் பார்த்து ‘அணை காஞ்சு கிடக்கு’ என்று திரும்பிவிடாமல், இரண்டு பக்கமும் பாருங்கள். 2018 ஆகஸ்டு 22 இரவு வெள்ளத்தில் கொள்ளிடப் பக்கம் ஒன்பது மதகுகள் அடித்துக்கொண்டு போயின. பிறகு அருகிலேயே புதிய கதவணை எழுந்தது.

ஆற்றில் இறங்குவதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லியாக வேண்டும். மதகுக்குக் கீழே தண்ணீர் முழங்கால் அளவுதான் என்று தோன்றும். மதகிலிருந்து விழும் நீர் முதலில் ஒரு கல்தளத்தின் மேல் ஓடும். அந்தத் தளம் பாசி பிடித்து வழுக்கும். தளம் முடிகிற இடத்தில் கல் பாவியிருக்கும். அதையும் தாண்டினால் நீரின் வேகம் மணலை அரித்துத் தோண்டிய மடு. முழங்கால் ஆழத்திலிருந்து ஆளை மூழ்கடிக்கும் ஆழத்துக்குப் போக நாலைந்து எட்டுதான். நீச்சல் தெரிந்தவர்களும் அங்கே சுழலில் சிக்கித் திணறுவார்கள். மணல் அள்ளிய பள்ளங்களும் ஆற்றில் உண்டு, மேலே நீர் சலனமில்லாமல் இருக்கும். கொள்ளிடத்தில் முதலையும் உண்டு. குளிக்கவேண்டும் என்ற ஆசையைக் காலையிலேயே அம்மா மண்டபம் படித்துறையில், தண்ணீர் நிதானமாக இருந்தால், தீர்த்துக்கொள்ளுங்கள். முக்கொம்பில் பார்ப்பதோடு சரி.

கிளம்பும் முந்தின நாள் மேட்டூர் நீர்திறப்பு எவ்வளவு என்று செய்தியில் பார்த்துவிடுவது நல்ல பழக்கம். ஆனால் அந்த எண் மட்டும் போதாது. மேட்டூருக்கும் முக்கொம்புக்கும் நடுவில் பவானி, நொய்யல், அமராவதி மூன்றும் வந்து கலக்கின்றன. மேட்டூரில் குறைவாகத் திறந்திருந்தும் கோயம்புத்தூர், உடுமலைப் பக்கம் கனமழை என்றால் இங்கே ஆறு ஏறும். உபரிநீர் லட்சம் கனஅடியைத் தொடும்போது கரையோர எச்சரிக்கை வரும், முக்கொம்புப் பூங்காவையே மூடிவிடுவதும் உண்டு. ஒரு கனஅடி என்பது நொடிக்கு 28 லிட்டர் சொச்சம். லட்சத்தால் பெருக்கிப் பார்த்தால் ஏன் மூடுகிறார்கள் என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

பள்ளிக் கூட்டம் என்றால் எட்டுப் பிள்ளைக்கு ஒரு பெரியவர். தலை எண்ணுவது வண்டியில் ஏறும்போது மட்டும் போதாது. கதவணைப் பக்கம் போகுமுன் ஒருமுறை, திரும்பியதும் ஒருமுறை எண்ண வேண்டும்.

திரும்புதல்

மார்கழியில் ஆறு மணிக்கே இருட்டத் தொடங்கிவிடும். ஐந்து, ஐந்தேகாலுக்குக் கூடையைக் கட்டிவிட வேண்டும். கழிப்பறைக்கு நாலு மணிக்குள் போய் வந்துவிடுவது உத்தமம், கடைசி நேரத்தில் வரிசை நீளும்.

சாலைக்கு வந்து நின்று கரூர், குளித்தலை பஸ்ஸைக் கைகாட்டினால், அது ஏற்கெனவே நிரம்பி வந்திருக்கும், சில நிற்காமலே போய்விடும். முக்கொம்பிலிருந்து கிளம்பும் டவுன் பஸ்ஸுக்கு இருபது நிமிஷம் காத்திருந்தாலும் உட்கார இடம் கிடைக்கும். ரயிலுக்கு வந்தவர்கள் சத்திரத்தில் இறங்கியதும் பக்கத்தில் இருக்கும் கோட்டை ஸ்டேஷனையோ டவுன் ஸ்டேஷனையோ தேடிப் போக வேண்டாம். தஞ்சாவூர், கும்பகோணம் வண்டி ஜங்ஷனிலிருந்துதான். சத்திரத்திலிருந்து ஜங்ஷனுக்குச் சாயங்கால நெரிசலில் அரை மணிக்கு மேல் பிடிக்கும் என்பதால், ஏழரைக்கு முன்னால் கிளம்பும் வண்டிக்கு முன்பதிவு செய்யாமலிருப்பது நல்லது.

பஸ்ஸில் இந்தத் தடவை இடப்புற ஜன்னல்.